கூலன்ட் மாற்றியபின் டெம்பரேச்சர் முள் ஏறி இறங்குகிறதா?

உங்கள் பழைய பிக்கப்பில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றியபின் முள் ஏறி இறங்குகிறது, ஹீட்டரில் குளிர்காற்று வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். கூலன்ட் ஓடும் பாதையில் காற்று அடைத்திருக்கிறது. ஆறு லிட்டர் வடிந்தது, திரும்ப நாலுதான் பிடித்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, மிச்ச இடத்தில் இருப்பது காற்று. பெங்களூர் சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலில் முள் ஏறி இறங்குவதும், ஹீட்டரில் குளிர்காற்று வருவதும் பெரும்பாலும் அதனால்தான். பழைய பிக்கப் என்றதும் தெர்மோஸ்டாட்டை (எஞ்சின் சூடானதும் திறந்து கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) கழற்றி வீசச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது, முன்பக்கம் மேடாக நிற்கும்படி வண்டியை நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஐடிலில் ஓடவிடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் துணி சுற்றி அமுக்கி அமுக்கி விட்டால் குமிழி குபுகுபுவென்று வரும் (ஃபேன் பக்கம் கை போகாமல்). தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். அப்போது கூலன்ட் ஊற்றி நிரப்பி மூடுங்கள்.

போர்வெல் தண்ணீர் கலக்க வேண்டாம், உப்பு படிந்துவிடும். கலப்பதற்கு டிஸ்டில்ட் வாட்டர் பேட்டரி கடையிலேயே கிடைக்கும்.

அப்புறமும் குமிழி நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் சீல்) சோதிக்க வேண்டும். வழியில் முள் ஏறினால் சூட்டோடு மூடியைத் திறக்காதீர்கள். வடித்த கூலன்டைத் தெருவில் கொட்டாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துவிடும்.