தமிழ் சினிமால முஸ்லிம்னா ஒண்ணு தீவிரவாதி, இல்ல ஹீரோவுக்காக சாகுற ஃப்ரெண்டு, ஏன் இப்படி?

எப்பவும் இப்படி இல்லங்க. 1961ல வந்த பாவ மன்னிப்புல சிவாஜி ரஹீம்ங்கற பேர்ல முஸ்லிம் வீட்ல வளர்ற பையனா, கதையோட நாயகனாவே வருவாரு. அதுக்கப்புறம் பாய் கேரக்டர்னா பெரும்பாலும் நல்லவரு, ஆனா ஓரத்துல நிப்பாரு. 1992ல ரோஜா வந்துச்சு, காஷ்மீர் பிரச்சனை நம்ம ஊரு ஸ்க்ரீனுக்குள்ள வந்துச்சு, அதே வருஷக் கடைசில பாபர் மசூதி இடிப்பு, 98ல கோவை குண்டுவெடிப்பு, இதெல்லாம் சேர்ந்து தொப்பி தாடின்னாலே வில்லன்ங்கற ஃபார்முலா செட் ஆயிடுச்சு. 2013ல விஸ்வரூபத்துக்கு அவ்ளோ எதிர்ப்பு வந்ததுக்குப் பின்னாடி இத்தனை வருஷ வலி இருக்கு. அந்த எதிர்ப்பைப் பாத்து அரசு படத்துக்குத் தடை போட்டது எனக்கு சரின்னு படல, ஆனா அந்த வலி நிஜம்.

என்னை ரொம்ப உறுத்துறது வேற. கீழக்கரை, காயல்பட்டினம், மேலப்பாளையம் பக்கம் போய்ப் பாருங்க, வீட்ல பேசுறது சுத்தத் தமிழ், மரைக்காயர், ராவுத்தர், லெப்பைன்னு எத்தனை பிரிவு, சீறாப்புராணம் தந்த சமூகம் அது. படத்துலயோ "நம்பள் நிம்பள்"னு பேச வச்சு அவங்களை வெளியூர்க்காரங்களாவே ஆக்கிட்டாங்க. பெண்கள் நிலைமை இன்னும் மோசம், பர்தா போட்டு ஒரு ஓரமா அழுவாங்க, அவ்ளோதான்.

2021ல மாநாடு படத்துல சிம்பு அப்துல் காலிக்கா வந்தாரு, முஸ்லிம்களை மாட்டிவிடுற அரசியல் சதியைத் தடுக்கறவரே அவர்தான். அது எனக்கு நிஜமாவே சந்தோஷம். ஆனா அங்கயும் கதை தீவிரவாதப் பழியைச் சுத்தித்தான் ஓடுது. காதல், கடன், பிசினஸ்னு சாதாரணக் கதைக்கு ஒரு முஸ்லிம் ஹீரோ இன்னும் அபூர்வம்தான்.