பாலஸ்த்ரீனாவுக்கு 8,000 ரூபாயா?

கேள்வி: ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பில் எங்கள் பாடகர் குழு பாலஸ்த்ரீனாவின் 'சிகுட் செர்வுஸ்', காச்சினியின் 'ஆவே மரியா' இரண்டையும் பாடியது. வீடியோக்களை யூடியூபில் போட்டதும் முதல் பாட்டுக்குக் காப்பிரைட் க்ளெய்ம் வந்தது. உரிம ஏஜென்ட் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்து, இரண்டுக்கும் சேர்த்து 8,000 ரூபாய் கட்டினால் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். இத்தாலிய இசையமைப்பாளர் பாலஸ்த்ரீனா இறந்தது 1594-ல். நம் சட்டப்படி, இசையமைத்தவர் இறந்த பிறகு 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. அந்தப் பாட்டை யாரும் பாடலாம், பதிவு செய்யலாம், விற்கவும் செய்யலாம்.

அப்படியானால் க்ளெய்ம் எப்படி வந்தது? யூடியூப் இயந்திரம் உங்கள் ஒலியை, ஏற்கெனவே யாரோ பதிந்து வைத்த ஒலியோடு ஒப்பிடுகிறது. 'சிகுட் செர்வுஸ்' வாத்தியமே இல்லாத பாட்டு. டெனர் குரல் தொடங்கும், அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு ஆல்ட்டோ, சொப்ரானோ, பாஸ் என்று மற்ற குரல்கள் ஒவ்வொன்றாக உள்ளே வரும். எந்த ஊர்க் குழு ஒழுங்காகப் பாடினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் கேட்கும். நன்றாகப் பாடியதற்குத் தண்டனை! நானூறு ஆண்டுக்கு முந்தைய பாட்டுக்கு நாம்தான் விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது. சரி, எழுதுங்கள்: 'இசை பொதுச்சொத்து, குரல் எங்களுடையது' என்று யூடியூபிலேயே டிஸ்ப்யூட் (மறுப்பு) போடுங்கள். எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள் அவகாசம். இதற்குக் கட்டணம் கிடையாது. க்ளெய்ம் விவரத்தைத் திறந்தால் யார் கேட்கிறார் என்ற பெயர் இருக்கும். அந்த ஏஜென்ட் பெயர் அங்கே இல்லையென்றால் அவரால் அதை நீக்கவும் முடியாது. இந்த மாதிரி ஆட்கள் பாரிஷ் குழுக்களைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். பயந்து கட்டிவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

(இசையில் இடைத்தரகு அப்போதே உண்டு. 1575-ல் இங்கிலாந்தின் எலிசபெத் ராணி டாலிஸ், பர்ட் என்ற இரண்டு இசையமைப்பாளர்களுக்கு இசை அச்சிடும் தனியுரிமையை 21 ஆண்டுக்குக் கொடுத்தார். இசை எழுதக் கோடு போட்ட வெற்றுத்தாள்கூட அதில் சேர்த்தி. அப்படியும் நஷ்டம்தான். இரண்டே ஆண்டில் ராணியிடமே மனுப் போட்டார்கள்.)

இப்போது காச்சினி. இங்கேதான் உங்களுக்குச் சிக்கல். அந்த 'ஆவே மரியா' காச்சினியுடையதே அல்ல. காச்சினி 1618-ல் இறந்தவர். இந்தப் பாட்டை எழுதியவர் விளாடிமிர் வாவிலோவ் என்ற லெனின்கிராட் லூட் (பழைய ஐரோப்பிய நரம்பு வாத்தியம்) கலைஞர். தான் எழுதியதைப் பழைய இசை என்று சொல்லி 1970 வாக்கில் இசைத்தட்டில் வெளியிட்டார். அவர் இறந்த பிறகுதான் காச்சினி பெயர் ஒட்டிக்கொண்டது. இசைத்தாளை எடுத்துப் பாருங்கள். முதலிலிருந்து கடைசி வரை 'ஆவே மரியா' என்ற இரண்டு சொல்தான். அந்தக் காலத்து இசையமைப்பாளர் யாரும் 'அருள் நிறைந்த மரியே' செபத்தின் மீதியை இப்படி விட்டிருக்க மாட்டார். வாவிலோவ் இறந்தது 1973-ல், அதனால் நம் கணக்குப்படி 2033 முடியும் வரை உரிமை உயிரோடு இருக்கிறது. வழிபாட்டில் பாடியது தவறில்லை, உண்மையான சமயச் சடங்குக்குச் சட்டமே விலக்குத் தருகிறது. ஆனால் இணையத்தில் போட்ட வீடியோவுக்கு அந்த விலக்கை நம்ப வேண்டாம், இறக்கிவிடுங்கள். வாவிலோவ் பெயரே தெரியாத ஒருவரிடம் அதற்கு 'லைசென்ஸ்' வாங்குவது இன்னும் மோசம்.

அப்புறம், இசைத்தாளை ஜெராக்ஸ் போடும் முன் முதல் பக்கத்தின் அடியில் காப்பிரைட் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பாலஸ்த்ரீனா கால அச்சில் ஒவ்வொரு குரலுக்கும் தனிப் புத்தகம், தாளத்தைப் பிரித்துக் காட்டும் குத்துக்கோடு இல்லை, 'மெதுவாக', 'உரக்க' என்ற குறிகளும் இல்லை. இவற்றையெல்லாம் சேர்த்தவர் பதிப்பாசிரியர், அவர் உரிமை கேட்கலாம். இலவசமாகப் பகிரலாம் என்று குறிப்பிட்ட பதிப்பு சி.பி.டி.எல். என்ற இலவச இசைத்தாள் தளத்தில் கிடைக்கும்.

அடுத்த முறை ஆவே மரியா வேண்டுமென்றால் பாலஸ்த்ரீனாவுக்கும் முந்தைய இசையமைப்பாளர் ஜோஸ்கன் எழுதியதை எடுங்கள், நான்கு குரல்தான். 16-ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஆர்கடெல்ட் பெயரில் ஒன்று சுற்றுகிறது. அதுவும் 19-ஆம் நூற்றாண்டில் டீட்ச் என்ற பிரெஞ்சுக்காரர் பழைய மெட்டு ஒன்றை எடுத்துத் தைத்தது. அவர் 1865-லேயே இறந்துவிட்டதால், அதைத் தாராளமாகப் பாடலாம்.