கூறையில் ஊசி ஏறலாமா?

அன்புள்ள அம்மா,

நான் புதுக்குடியிருப்பில் ஆசிரியையாக இருக்கிறேன். ஆவணியில் எனக்குத் திருமணம். மணவறையில் குலையாமல் இருப்பதற்காகக் கூறைச் சேலையின் கொய்யகத்தை முன்பே மடித்துத் தைத்து, இடுப்பில் கொளுக்கி வைத்துத் தருவதாக வவுனியாவில் ஒரு தையற்கடையில் சொல்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சேலையும் சட்டையுமாக வாழ்ந்த பரம்பரைக்கு இது இழுக்கு என்று பெரியம்மா கனடாவிலிருந்து கோபிக்கிறார். வரவேற்புக்கு லெகங்கா உடுப்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அம்மா இல்லை, அம்மாவின் கூறையும் 2009இல் போய்விட்டது. கூறையைத் தைக்கலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள பிள்ளைக்கு,

கச்சான் தோட்டத்துக்குள் பன்றி வராமல் வேலியில் கட்டுவதற்கென்று அயல்வீட்டுப் பையன் பழைய சேலை கேட்டு வந்தான். ஒன்றை எடுத்து விரித்து, கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்ட மனமில்லாமல் நான் உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் உன் கடிதத்தைப் படித்தேன்.

லெகங்காவைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. ஆவணி வெயிலில் வேர்க்கும், அவ்வளவுதான்.

பெரியம்மாவின் கணக்குப் பிழை. மேற்சட்டையும் உள்பாவாடையும் சேர்ந்த இந்தக் கட்டு வங்காளத்து மேல்தட்டு வீடுகளில் பரவியதே, 1860களில் பம்பாயில் பார்சிப் பெண்கள் உடுத்தும் விதத்தைப் பார்த்துவந்த தாகூர் வீட்டு மருமகள் ஞானதாநந்தினி தேவியால்தான். என் அப்பாச்சி சட்டை போட்டு நான் கண்டதில்லை. மார்புக்கு மேல் சேலையைச் சுற்றிய குறுக்குக்கட்டோடுதான் வயலில் களை பிடுங்கினார். திருவிதாங்கூரில் மார்பை மூடும் தோள்சீலைக்காக நாடார் பெண்கள் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். 1859இல் அந்த உரிமை கிடைத்தபோதும், உயர்சாதிப் பெண்கள் போடுவதுபோலப் போடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் கிடைத்தது. எங்கள் பக்கத்திலும் இன்ன சாதிப் பெண் சட்டை போடக்கூடாது என்று தடுத்தவர்கள் இருந்தார்கள். தடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே சட்டையைப் பரம்பரை என்பதற்குக் கொஞ்சமாவது கூச்சப்பட வேண்டும். நீயும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள். கேட்டதை அப்படியே எனக்கு எழுதி அனுப்பாமல் ஒரு முறை யோசித்திருக்கலாம்.

ஊசியின் விஷயம் வேறு. துணி என்றால் துணிக்கப்பட்டது, வெட்டி எடுத்தது. சங்ககாலத்தில் அதற்கு அறுவை என்றும் பெயர் இருந்தது. மதுரையில் துணி விற்ற இளவேட்டனார் என்ற புலவரை அறுவை வாணிகன் என்றே அழைத்தார்கள். தறியிலிருந்து அறுத்த பிறகு வேறு வெட்டும் தையலும் இல்லாமல் உடம்பில் ஏறுவதுதான் சேலை. அதனால்தான் தாய் உடுத்ததை மகளும் உடுக்கலாம், பிள்ளைக்கு ஏணை கட்டலாம், குளிருக்குப் போர்த்தலாம். கொளுக்கி வைத்துவிட்டால் அது உன் இன்றைய இடுப்புக்கு மட்டுமே உரியதாகிவிடும்.

ஆனாலும் தைக்காதே என்று உன்னிடம் உரத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானே கூறையைத் தைத்தவள்.

2009 மாசியில், போரின் கடைசி மாதங்களில், நாங்கள் முல்லைத்தீவுக் கரையோரம் மாத்தளனில் இருந்தோம். அந்தக் கடற்கரை மணலில் பங்கர் வெட்டினால் பக்கங்கள் சரிந்து விழும். மண்மூடை அடுக்கியே ஆகவேண்டும். உரப்பைகள் முடிந்த பிறகு பெண்கள் சேலைகளை வெட்டத் தொடங்கினார்கள். ஒரு யார், அதாவது மூன்றடி, அகலத்துக்கு ஒரு துண்டு, இரண்டாக மடித்து இரண்டு பக்கமும் தையல். ஒரு சேலையில் ஆறு மூடை வரும். தையல் இயந்திரத்தை அதுவரை தூக்கிவந்த ஒரு பெண் தறப்பாளுக்குக் கீழே இருந்து இரவும் பகலும் தைத்தார். நைலெக்ஸ் என்கிற நைலோன் சேலைதான் நன்றாகத் தாங்கியது. பருத்தி நனைந்து இற்றுப்போனது. இத்தனை காலம் பெட்டியின் அடியில் கிடந்த நைலெக்ஸைத் தேடி எடுத்தோம்; விலை கூடிய பட்டைக் கடைசி வரைக்கும் ஒளித்துவைத்தோம். பூப்போட்டதும் கோடுபோட்டதுமாக அந்த மண்மூடைகள் வரிசையாக இருந்ததைப் பார்த்தால், ஒரு கல்யாண வீட்டுக்காரர் எல்லோரும் மண்ணுக்குள் குந்தியிருப்பதுபோலத் தெரியும்.

என் கூறை காஞ்சிபுரத்தது, அரக்குச் சிவப்பு. அதில் கரையை உடலோடு கோர்வையாகக் கோத்து நெய்திருந்தார்கள். கத்தரிக்கோல் அந்த இடத்தில் நின்று நின்றுதான் போனது. சரிகையில் ஊசி இரண்டு தரம் முறிந்தது. மாமி பக்கத்தில் இருந்தவர், வெட்டாதே என்றும் சொல்லவில்லை, வெட்டு என்றும் சொல்லவில்லை. மணலை அள்ளி வைத்துக்கொண்டு காத்திருந்தார். முந்தானையை மட்டும் வெட்டாமல் மடித்து வைத்தேன். பங்குனியில் அந்த இடத்தை விட்டு எழும்பியபோது அதுவும் மூடைகளோடு அங்கேயே நின்றுவிட்டது.

ஆகவே ஊசி பட்டால் கூறைக்குத் தீட்டு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கொளுக்கி வைத்ததுதான் வசதி என்று கடைக்காரர் சொன்னாலும் கோபம் வரும். இரண்டுக்கும் நடுவில் உனக்கு என்ன பதில் சொல்வது?

நீ பயப்படுவது கூறை குலைந்துவிடும் என்று அல்ல என நினைக்கிறேன். கூறை மாற்றுகிற அறைக்குள், காலடியில் குந்தியிருந்து கொய்யகம் பிடித்து மடிப்பை நேராக்கிவிட ஓர் ஆள் வேண்டும். அது தாய் செய்கிற வேலை. அந்த வேலையைத்தான் நீ தையற்கடைக்குக் கொடுக்கப் பார்க்கிறாய். பெரியம்மா ஆவணியில் வருவாரா என்று கேள். வராவிட்டால் எனக்கு நாளை எழுது. மல்லாவியிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் ஏறினால், மாங்குளத்தில் மாறி, முகூர்த்தத்துக்கு முன்பே வந்துவிடுவேன். ஊசி கொண்டுவர மாட்டேன். நாலைந்து சட்டைப்பின் மட்டும் வாங்கி வை.