அம்மா ஒன்று சொல்கிறார், சித்தி ஒன்று சொல்கிறார். எதை எழுதுவது?

கேள்வி: 1995இல் ராணுவம் நெருங்கி வந்தபோது யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட கதையை நாவலாக எழுத அம்மாவிடமும் சித்தியிடமும் கேட்டுப் பதிவு செய்கிறேன். நாவற்குழிப் பாலம் கடக்கவே விடிந்துவிட்டது என்கிறார் அம்மா. அவ்வளவு நேரம் இல்லை என்கிறார் சித்தி. யார் சொல்வதை எடுப்பது?

பதில்: இரண்டையும் எடுங்கள். அன்றிரவு லட்சக்கணக்கான சனம் மழையில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. கைக்குழந்தையோடு நின்றவருக்கும் சைக்கிள் பாரில் தூங்கிப்போன சிறுமிக்கும் அந்த இரவு ஒரே நீளமாக இருந்திருக்காது. அப்போது இருவருக்கும் என்ன வயது, கையில் என்ன இருந்தது என்று முதலில் கேளுங்கள். அவர்கள் சண்டை பிடிப்பதையே ஒரு காட்சியாக எழுதலாம்.

தேதி, பாதை, ஒலிபெருக்கி அறிவிப்பு போன்றவற்றை மட்டும் சரிபாருங்கள். நூலகம் இணையதளத்தில் பழைய பத்திரிகைகள் நிறைய உண்டு.

“எப்படி இருந்தது?” என்று கேட்டால் “அதை ஏன் கேக்கிறாய்” என்றுதான் வரும். பொருளைக் கேளுங்கள். வீட்டுச் சாவியை என்ன செய்தீர்கள்? நாயை அவிழ்த்து விட்டீர்களா? பேட்டரிக்குத் தடை இருந்த நாளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டது யார்? ஜாம் போத்தல் விளக்கில் படித்தது யார்? ஒரு சாவியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார்கள். நடுவில் அம்மா நிறுத்தினால் நீங்களும் ரெக்கார்டரை நிறுத்துங்கள். அந்த இடத்தைக் கற்பனையால் அடைக்க வேண்டாம், நாவலிலும் அப்படியே விடுங்கள்.

ஊர்ப் பெயர் இருக்கட்டும். ஆட்களின் பெயரை மாற்றிவிடுங்கள். அதே ஒழுங்கையில் இன்னும் குடியிருப்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. உங்கள் அம்மா வெளிக்கிட்டது அக்டோபர் 30. சரியாக ஐந்து வருடம் முன்பு, 1990இல் அதே தேதியில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் துரத்தப்பட்டார்கள். 1995ஐ மட்டும் எழுதும் கதைகளில் அந்த முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத்தெரு பெரும்பாலும் வருவதே இல்லை. சனம் மறந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை, யாரும் கேட்பதில்லை.

எனவே அம்மாவிடம் இப்படித் தொடங்குங்கள்: பள்ளிக்கூடச் சட்டை எங்கே தைத்தீர்கள்? கடைக்காரர் பெயர் என்ன? 90க்குப் பிறகு யாரிடம் தைத்தீர்கள்? அம்மா கோபப்படலாம். கொஞ்ச நாள் விட்டு இன்னொன்றும் கேளுங்கள், அந்தக் கடையில் இருந்த தையல் மெஷின் யார் வீட்டுக்குப் போனது என்று.