பாத்ரூம் சுவருக்குள் மறைந்துகொள்ளும் கை ஷவர் ஹோஸ் நம் வீட்டுக்குச் சரிப்படுமா?

கேள்வி கேட்டவர் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார், பூச்சு முடிந்து டைல்ஸ் போடும் கட்டம். சுவரில் ஒரு வட்டத் துளை மட்டும் தெரிகிறது, கை ஷவரைப் பிடித்து இழுத்தால் ஹோஸ் நீண்டு வருகிறது, விட்டால் தானாக உள்ளே போய்விடுகிறது, இப்படி ஒரு வீடியோ பார்த்து ஆசைப்பட்டு, செங்கல் சுவரில் இதைச் செய்ய முடியுமா என்று கேட்கிறார்.

செய்ய முடியும். நான் செய்தேன். எட்டு மாதம் கழித்து டைல்ஸை உடைத்து வெளியே எடுத்தேன். அதனால் என் பதிலில் கொஞ்சம் கடுப்பு இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

அம்மாவுக்கு ரெண்டு முழங்காலிலும் ஆபரேஷன். குனிந்து வாளியில் மக் விட்டு மோந்து ஊற்ற முடியாது, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் குளியல். கை ஷவர் வாங்கி மாட்டியதும் நிம்மதியாகிவிட்டது, ஆனால் அந்த ஒன்றரை மீட்டர் ஹோஸ் தரையில் சாரைப்பாம்பு மாதிரி சுருண்டு கிடக்கும், எழுந்திருக்கும்போது கால் மாட்டிக்கொள்ளுமோ என்று எனக்குத் தினமும் பயம். சுவரில் மாட்டும் வெஸ்டர்ன் டாய்லெட்டுக்காக, தண்ணீர்த் தொட்டியை மறைக்க ஏற்கெனவே எட்டு இஞ்சு தள்ளி ஒரு பெட்டிச் சுவர் எழுப்பியிருந்தோம். உள்ளே வெற்றிடம் சும்மாதானே கிடக்கிறது, ஹோஸை அதற்குள் விட்டுவிடலாமே என்று தோன்றியது. வேலை செய்தவரும் தலையாட்டிவிட்டார்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் வீடியோவில் அதைத்தான் காட்டமாட்டார்கள். கிச்சன் சிங்க்கில் தலையை இழுத்தால் நீண்டு வரும் குழாய் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதிதான். ஹோஸ் உள்ளே ஊஞ்சல் கயிறு மாதிரி வளைந்து தொங்கும், வளைவின் அடியில் ஒரு எடைக்கட்டி. ஷவரை இழுத்தால் கட்டி மேலே ஏறும், விட்டால் கீழே இறங்கி ஹோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒன்றரை மீட்டர் ஹோஸை இரண்டாக மடித்தால் 75 சென்டிமீட்டர். அதாவது துளை தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால், வளைவின் அடி தரைக்கு 25 சென்டிமீட்டர் மேலே வரை வந்து நிற்கும். அந்த உயரம் முழுக்கச் சுவருக்குள் தடையில்லாமல் காலியாக இருக்கவேண்டும், அகலம் அரை அடியாவது வேண்டும், இல்லாவிட்டால் ஹோஸ் மடிந்து முறுக்கிக்கொள்ளும். எடைக்குப் பதிலாக ஸ்பிரிங் சுருளில் சுற்றிக்கொள்ளும் வகையும் உண்டு. அதில் சுருள் சுழல வேண்டும், தண்ணீரும் கசியாமல் போகவேண்டும், அந்தச் சுழலும் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம் நாளாக ஆகத் தேயும்.

இப்போது உங்கள் சுவரைப் பாருங்கள். அமெரிக்க வீட்டுச் சுவர் பெரும்பாலும் மரச்சட்டத்தின் மேல் பலகை அடித்தது, உள்ளே மூன்றரை இஞ்சு காலியிடம் பிறவியிலேயே இருக்கிறது. நம் பாத்ரூம் சுவர் நாலரை இஞ்சு செங்கல் சுவர். அதில் முக்கால் மீட்டர் உயரம், அரை அடி அகலம், ரெண்டு இஞ்சு ஆழத்துக்கு வெட்டினால் பின்னால் மிச்சம் இருப்பது பாதிச் செங்கல்தான், பக்கத்து ரூமில் ஆணி அடித்தால் இந்தப் பக்கம் பெயர்ந்துவிடும். ஒன்பது இஞ்சு சுவர் என்றாலும் வெட்டச் சொல்லி நான் சொல்லமாட்டேன். ஆக, பெட்டிச் சுவரோ பைப் போகும் டக்ட்டோ இருந்தால்தான் இந்தப் பேச்சே.

எனக்குப் பெட்டிச் சுவர் இருந்தது, அப்படியும் கெட்டுப்போனது.

முதல் அறிகுறி பாத்ரூமில் தெரியவில்லை, ராத்திரி தூக்கத்தில் காதில் கேட்டது. மொட்டைமாடியில் பிரஷர் பம்ப் வைத்திருக்கிறோம், யாராவது குழாயைத் திறந்தால் தானாக ஓடும், மூடினால் நிற்கும். ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு அது 'டுர்ர்' என்று அஞ்சு வினாடி ஓடி நின்றது. யாரோ பாத்ரூம் போகிறார்கள் என்று திரும்பிப் படுத்தேன். இருபது நிமிஷம் கழித்து மறுபடி. மறுநாளும் அதே. டாய்லெட் தொட்டி கசிகிறதா, சிங்க் குழாயில் வாஷர் போய்விட்டதா என்று எல்லாவற்றையும் பார்த்தோம், எங்கேயும் ஒரு சொட்டு இல்லை. பத்து நாள் கழித்து அந்தச் சுவருக்குப் பின்பக்கம் பெட்ரூமில் பீரோவை நகர்த்தியபோதுதான் தெரிந்தது, பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பி, தொட்டால் பொருபொருவென்று உதிர்ந்தது. பீரோவின் அடித்தட்டில் இருந்த அம்மாவின் பட்டுப்புடவை ரெண்டு ஓதம் ஏறிப்போயிருந்தது. அதைப் பற்றி வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

டைல்ஸை உடைத்துப் பார்த்தால் உள்ளே இருந்த காட்சி இது: ஹோஸ் மேலும் கீழும் போகும் வழியில் ஒரு இடத்தில் சிமெண்ட் பிசிறு கத்தி முனை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது, இருநூறு முந்நூறு தடவை அதில் உரசி உரசிப் பின்னல் உறை பிய்ந்து, உள் ட்யூபில் ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை, அதிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் பின்சுவரில் பீய்ச்சிக்கொண்டிருக்கிறது. அடியில் அழுக்கும் சோப்பும் சேர்ந்த கருப்புக் கொழகொழப்பு, அதற்குள் கரப்பான்பூச்சிகள் குடும்பம் குடும்பமாக. இருட்டு, ஈரம், வெதுவெதுப்பு, வந்துபோக வட்டமாக ஒரு வாசல், வேறென்ன வேண்டும் அவற்றுக்கு. அம்மா குளித்த ஷவர் தினமும் இதற்குள் போய்விட்டுத்தான் வந்திருக்கிறது என்று நினைத்தபோது வயிற்றைப் புரட்டியது.

ஓட்டை ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கொழகொழப்புக்கு அது காரணமில்லை. ஹோஸில் ஓட்டையே இல்லாவிட்டாலும் உள்ளே ஈரம் போகும். குளித்து முடித்ததும் ஹோஸின் வெளிப்புறம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும், அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும்போது அந்தத் தண்ணீரும் கூடவே போகிறது. ஜப்பானில் வாஷ்பேசினில் இழுக்கும் ஷவர் ரொம்ப சகஜம், அங்கே பேசினுக்கு அடியில் ஹோஸ் வழியாக வடியும் தண்ணீரைப் பிடிக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் தொட்டியே வைத்திருப்பார்கள், அதை அவ்வப்போது எடுத்துக் கொட்டிவிட வேண்டும். தலை மட்டும் அலசும் இடத்திலேயே அந்த கவனம். பியூட்டி பார்லரில் முடி கழுவும் நாற்காலி, கிச்சன் சிங்க், வாஷ்பேசின் என்று ஹோஸ் உள்ளே போய் ஒளியும் இடங்களை யோசித்துப் பாருங்கள், எல்லாவற்றிலும் கீழே ஒரு கதவு இருக்கும், குனிந்து கையை விட்டுத் துழாவலாம். நான் அந்தக் கதவு இருந்திருக்க வேண்டிய இடத்தில் டைல்ஸ் ஒட்டிவிட்டேன்.

அடுத்தது, இதைத்தான் நான் பெரிய தப்பு என்று சொல்வேன்: குழாய் எங்கே மூடுகிறது என்பது. எங்கள் கை ஷவர் ஹெல்த் ஃபாசெட் மாதிரி, கைப்பிடியில் அமுக்கினால் தண்ணீர், விட்டால் நிற்கும். ஹோஸுக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் காக் என்ற சின்னக் குழாய், சுவருக்குள் எப்போதும் திறந்தே கிடந்தது. அப்படியென்றால் ஹோஸ் 24 மணி நேரமும் பிரஷரைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. மாடியில் வெறும் டேங்க் மட்டும் இருக்கும் வீட்டில் பரவாயில்லை, பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் (பிரஷரை அளக்கும் அலகு), மூன்று நாலு மீட்டர் மேலே டேங்க் இருந்தால் அரை பார் கூட வராது. பம்ப் வைத்தால் ரெண்டு பாருக்குப் பக்கமாகப் போய்விடும். பல வருஷம் ஒழுங்காக இருந்த ஹெல்த் ஃபாசெட் ஹோஸ், பம்ப் வைத்த சில மாதத்தில் வெடித்துப் பாத்ரூம் முழுக்கத் தண்ணீரான கதை உங்கள் தெருவிலேயே யாரிடமாவது இருக்கும். வெளியே தொங்கும் ஹோஸ் வெடித்தால் சத்தம் கேட்டு ஓடிப்போய் மூடலாம், தண்ணீரும் தரை ஜாலியில் போய்விடும். சுவருக்குள் என்றால் எங்கள் கதைதான்.

அதனால் கை ஷவரை மறைப்பதென்றால் தண்ணீரைத் திறப்பதும் மூடுவதும் ஹோஸுக்கு முன்னால், சுவரில் கைக்கு எட்டும் குழாயிலோ, தண்ணீரை எந்தப் பக்கம் விடுவது என்று திருப்பும் டைவர்ட்டரிலோ இருக்கவேண்டும். குளிக்கும் பத்து நிமிஷம் மட்டும் ஹோஸுக்குள் பிரஷர், மிச்ச நேரம் சும்மா தொங்கும். இதில் இன்னொரு தொல்லையும் தீர்கிறது. கீசரும் பச்சைத் தண்ணீரும் கலக்கும் மிக்சரைத் திறந்து வைத்துவிட்டுக் கைப்பிடியில் மட்டும் மூடினால் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் மிக்சருக்குள்ளேயே ஒன்றோடொன்று கலந்து அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகலாம், கீழ் வீட்டுக் குழாயில் காரணமே இல்லாமல் இளஞ்சூடாகத் தண்ணீர் வரலாம். அப்புறம், ஷவர் தலை வாளித் தண்ணீருக்குள் கிடக்கும்போது மேலே டேங்க் காலியாகி, கீழே யாராவது குழாயைத் திறந்தால் வாளித் தண்ணீர் பின்னோக்கி லைனுக்குள் உறிஞ்சப்படலாம். தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் நான் ரிட்டர்ன் வால்வு ஒன்று போட்டுவிட்டால் அது நிற்கும், விலையும் பெரிதில்லை. பிளம்பர் 'அதெல்லாம் தேவையில்ல சார்' என்பார். போடச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு மறைத்தே ஆகவேண்டும் என்றால்: பெட்டிச் சுவர், அதன் உள்பக்கம் முழுக்க வாட்டர் ப்ரூஃபிங், அடித்தளம் பாத்ரூம் பக்கமாகச் சரிந்து, தண்ணீர் வெளியே வடிய அடியில் ஒரு துளை. அந்தத் துளை முக்கியம், கசிந்தால் பெட்ரூமில் தெரியாமல் பாத்ரூம் தரையில் தெரியும். முன்னால் ஒரு அடிக்கு ரெண்டு அடியாவது திறக்கிற கதவு, டைல்ஸ் ஒட்டிய கதவாகவே செய்து தருகிறார்கள், கண்ணுக்குத் தெரியாது. ஹோஸ் வெளியே வரும் இடத்தில் வழவழப்பான வளையம். சில்வர் சுருள் ஹோஸ் வேண்டாம், அதன் வளையங்கள் விளிம்பில் கரகரவென்று மாட்டும், கிச்சன் குழாய்க்கு வருகிற நைலான் பின்னல் ஹோஸ் வழுக்கிக்கொண்டு போகும். போர் தண்ணீர் என்றால் அந்த வளையத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்து ஒரு வருஷத்தில் ஹோஸ் பாதியில் நின்றுவிடும், எலுமிச்சை மூடியோ வினிகரோ போட்டுத் தேய்க்கவேண்டும். பாத்டப் விளிம்பில் வைக்க ஹான்ஸ்க்ரோஹே எஸ்பாக்ஸ் என்று பெட்டியோடேயே விற்கிறார்கள், அது நல்ல யோசனை, ஆனால் நம்மில் எத்தனை பேர் வீட்டில் பாத்டப் இருக்கிறது.

நாங்கள் இப்போது வைத்திருப்பது வேறு. பழைய வீட்டில் விளக்கு மாடம் இருக்குமே, அந்த மாதிரி பெட்டிச் சுவரிலேயே ஒரு மாடம் விட்டோம், ஒரு அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம், நாலு இஞ்சு ஆழம், உள்ளேயும் டைல்ஸ், அடித்தட்டு வெளிப்பக்கம் லேசாகச் சரிவு. குழாய் வெளியே, ஹோஸின் இணைப்பு மாடத்துக்குள், எல்லாம் கண்ணுக்கு எதிரே. ஹோஸும் ஒன்றரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டராகக் குறைத்தாயிற்று, நாற்காலியில் உட்கார்ந்து குளிப்பவருக்கு அது போதும், தரையையே தொடாது. குளித்து முடித்ததும் அம்மா ரெண்டு சுற்றுச் சுற்றி மாடத்தில் வைத்துவிடுகிறார். முன்னால் மறைக்க அக்ரிலிக் கதவு ஒன்று போட்டேன். அதை அம்மா ஒரு வாரம் பார்த்துவிட்டு, "இது எதுக்குடா, காத்து போக வேண்டாமா?" என்று கழற்றச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதும் சரிதான், இப்போது ஹோஸ் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுகிறது.

இதுவும் வேண்டாம், தரையில் இழுபடக்கூடாது என்பது மட்டும்தான் கவலை என்றால், பழைய டெலிபோன் வயர் மாதிரி தானே சுருண்டுகொள்ளும் ஹோஸ் கிடைக்கிறது, பார்க்க அவ்வளவு அழகில்லை, வேலை நடக்கும்.

எதை வைத்தாலும் டைல்ஸ் வாங்கும்போது ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டுவையுங்கள். அதே கம்பெனி, அதே நம்பர் சொல்லிக் கேட்டாலும் அடுத்த லாட்டில் நிறம் மாறித்தான் வரும். எங்கள் பாத்ரூமில் பிறகு ஒட்டிய டைல்ஸ் மட்டும் இன்னும் ஒரு பிடி மஞ்சளாகத் தெரிகிறது, வருகிற விருந்தாளி எல்லாம் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.