கோப்பு இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறது

கோத்தகிரி நண்பரே, தேயிலை வாட்டும் தொட்டியின் ஈரப்பதம் பார்க்க லேப்டாப்பில் ஆர்ம்64-க்கு (64 பிட் ஆர்ம் சிப்) பில்ட் செய்த சி நிரலை ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினியில் ஓட்டினால் 'அப்படியொரு கோப்பே இல்லை' என்கிறது, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை போட்டால் கோப்பு கண்முன்னே இருக்கிறது என்கிறீர்கள்.

இல்லாதது உங்கள் நிரல் அல்ல, அதை நினைவகத்தில் ஏற்றிவிடும் 64 பிட் லோடர். யுநேம் கட்டளை காட்டிய 'ஏஆர்ச்64'ஐ (64 பிட் ஆர்ம்) நம்பியதுதான் வினை. அது ஓஎஸ்ஸின் மையமான கெர்னலை மட்டும்தான் சொல்லும். 32 பிட் ஓஎஸ் போட்டிருந்தாலும் 2023-லிருந்து பை 4-இல் கெர்னல் 64 பிட்டாகவே பூட் ஆகிறது, லோடர் உட்பட மற்றதெல்லாம் 32 பிட்.

பை 4-இல் 'கெட்கான்ஃப் லாங்_பிட்' கட்டளையை அடித்துப் பாருங்கள். 32 என்று வந்தால் லேப்டாப்பில் ஆர்ம்எச்எஃப் (32 பிட் ஆர்ம்) கம்பைலருக்கு மாறுங்கள். அப்புறம், பில்ட் செய்யும் கருவியான சிமேக்கைப் பயன்படுத்தினால், அதன் பழைய பில்ட் ஃபோல்டரை அழித்துவிட்டுத்தான் அதை மறுபடி ஓட்ட வேண்டும். இல்லையென்றால் அதன் கேஷில் (சேமித்து வைத்த அமைப்புகளில்) பழைய கம்பைலரே ஒட்டிக்கொண்டிருக்கும். குன்னூரில் ஒரு மழை வாரத்தில் இதோடு இரண்டு நாள் மல்லுக்கட்டியவன் சொல்கிறேன்.