கரண்ட் வைத்த பிறகும் கட்டி பெரிதாகத் தெரிவது ஏன்?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர். இப்போது முதுகெலும்பில் டி10 என்ற இடத்தில் பரவியிருக்கிறது என்று சென்னையில் எஸ்பிஆர்டி என்ற கதிர்வீச்சு முறையில் 3 நாள் கரண்ட் வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து தஞ்சாவூரில் எம்ஆர்ஐ எடுத்தோம். கட்டி சற்றுப் பெரிதாகியிருப்பதாக ரிப்போர்ட் சொல்கிறது. ஆனால் வலி குறைந்திருக்கிறது, நன்றாக நடக்கிறார். ஊசி போட்டு பெர்ஃப்யூஷன் எம்ஆர்ஐ எடுக்கலாம் என்கிறார் டாக்டர். வைத்தியம் பலிக்கவில்லையா? அடிக்கடி ஸ்கேன் எடுத்தால் நோய் இன்னும் பரவும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகி, மன்னார்குடி

பதில்: அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வைத்தியம் தோற்றுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அம்மாவின் வலி குறைந்திருப்பதும் அவர் நன்றாக நடப்பதும் நல்ல அறிகுறிகள்.

எஸ்பிஆர்டியில் சிறிய இடத்தில் அதிக அளவு கதிர்வீச்சைக் குவிக்கிறார்கள். அதற்குப் பிறகு முதல் ஆறு மாதங்களுக்குள் சிலருக்கு அந்த இடம் வீங்கி, ஸ்கேனில் கட்டி வளர்ந்ததுபோலத் தெரியும். பிறகு தானாகவே வடிந்துவிடும். இதைப் பொய் வளர்ச்சி என்கிறோம். வீக்கம் இல்லாவிட்டாலும் எலும்புக்குள் இருக்கும் கட்டி சீக்கிரம் சுருங்குவதில்லை. அறுவடை முடிந்த வயலில் தாள் நிற்பதுபோல, செல்கள் செத்த பின்னும் அந்த இடம் மாதக்கணக்கில் அப்படியே தெரியும். ஆகவே இந்தக் கட்டத்தில் அளவை மட்டும் பார்த்தால் உண்மை பிடிபடாது.

உங்கள் டாக்டர் சொல்லும் ஸ்கேன் இங்குதான் உதவுகிறது. உயிரோடிருக்கும் கட்டிக்கு ரத்த ஓட்டம் அதிகம். கையில் மருந்து ஏற்றி, அது கட்டிக்குள் எவ்வளவு, எவ்வளவு வேகமாகப் போகிறது என்று தொடர்ச்சியாகப் படம் எடுப்பதுதான் பெர்ஃப்யூஷன். கதிர்வீச்சு வேலை செய்திருந்தால், அளவு மாறுவதற்கு முன்பே ரத்த ஓட்டம் குறைந்திருப்பது தெரிந்துவிடும். இதோடு டிஃப்யூஷன் என்ற படத்தையும் எடுப்பார்கள். செல்கள் நெருக்கமாக இருந்தால் அவற்றுக்கிடையில் நீர் நகர இடமிருக்காது, செத்து உடைந்தால் தாராளமாக நகரும். அந்த வித்தியாசத்தைத்தான் இது காட்டுகிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: கதிர்வீச்சு பட்ட எலும்பின் மஜ்ஜை கொழுப்பாக மாறும், கொழுப்பிலும் நீர் அதிகம் நகராது. அதனால் டிஃப்யூஷனைத் தனியாகப் பார்த்தால் ஏமாற வாய்ப்புண்டு, சாதாரணப் படங்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும், பழைய படத்தோடு ஒப்பிடாமல் எடுத்தால் புது ஸ்கேனின் பயன் பாதிதான். சென்னையில் கரண்ட் வைக்கும் முன் எடுத்த எம்ஆர்ஐயின் சிடி உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, படங்களே வேண்டும். எந்த எலும்புக்கு எவ்வளவு கதிர்வீச்சு கொடுத்தார்கள் என்ற சுருக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூடுமானவரை இனி ஒரே மையத்தில், ஒரே மெஷினில் எடுங்கள். முதுகெலும்புக்குப் பெர்ஃப்யூஷன் எடுக்கும் வசதி எல்லா மையத்திலும் இருக்காது, போனில் விசாரித்துவிட்டுப் போங்கள். அது கிடைக்கவில்லை என்றாலும் கவலை வேண்டாம். அம்மா இப்படியே நன்றாக இருந்தால், 2 முதல் 3 மாத இடைவெளியில் சாதாரண எம்ஆர்ஐ எடுத்து வரிசையாக ஒப்பிடுவதே உலகெங்கும் நடைமுறை. முதல் ஒன்று, ஒன்றரை வருடத்துக்கு அப்படித்தான் பார்க்கிறார்கள்.

ஸ்கேனால் நோய் பரவும் என்பது தவறு. எம்ஆர்ஐ காந்தத்தால் இயங்குவது, அதில் கதிர்வீச்சே கிடையாது. மருந்து ஏற்றும் முன் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் சோதனை செய்துவிடுங்கள். உடம்பில் பேஸ்மேக்கரோ உலோகமோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நான் ரிப்போர்ட்டில் தேடிப் பார்க்கும் இன்னொரு விஷயம், தண்டுவடத்தை ஒட்டிய இடத்தில் புதிதாகக் கட்டி வந்திருக்கிறதா என்பது. அப்படி எழுதியிருந்தால் அதைப் பொய் வளர்ச்சி என்று விட்டுவிட முடியாது, கரண்ட் வைத்த டாக்டரிடம் உடனே காட்டுங்கள். எலும்பு நொறுங்கியிருக்கிறதா என்றும் கேளுங்கள். எஸ்பிஆர்டிக்குப் பிறகு அது நடப்பதுண்டு, அதன் வீக்கமும் கட்டிபோலத் தெரியலாம். நடவு, களையெடுப்பு என்று குனிந்து செய்யும் வேலைக்கும் குடம் தூக்கவும் இப்போதைக்கு அம்மாவை விடாதீர்கள்.

கால் துவண்டாலோ, மரத்துப்போனாலோ, வயிற்றைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோல இறுகினாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, அடுத்த ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. ராத்திரியானாலும் 108-ஐ அழைத்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். நடை முழுதாக நின்றுபோகும் முன் சிகிச்சை கிடைத்தவர்கள்தான் பெரும்பாலும் திரும்ப நடக்கிறார்கள்.